தலைமடையில் கலங்கினால்: குறைந்த இரைச்சல் ப்ரீஆம்ப் கட்ட வருபவர்களுக்கு

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வருஷா வருஷம் சம்பா அறுப்பு நெருங்கும் நேரத்தில் முதுகலை மாணவர்கள் புராஜெக்ட்டுக்காக வந்து நிற்பார்கள். கையில் ஒரு சென்சார் இருக்கும். அதிலிருந்து வருவது சில மைக்ரோவோல்ட். ஆசிலாஸ்கோப்பில் மாட்டினால் 50 ஹெர்ட்ஸ் அலையும், அதன்மேல் நாற்றங்கால் போல அடர்த்தியாக ஒரு பட்டையும்தான் தெரியும். “சார், ஆம்ப்ளிஃபையர் போட்டா சரியாயிடுமா?” என்று கேட்பார்கள்.

ஆம்ப்ளிஃபையர் சிக்னலைப் பெருக்கும். சிக்னலோடு வந்த இரைச்சலையும் அதே அளவு பெருக்கும். தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கவும் செய்யும். அந்தக் கடைசிப் பங்கைக் குறைப்பதற்காகவே ஆய்வகங்களில் ப்ரீஆம்ப் என்ற தனிப் பெட்டி இருக்கிறது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஒன்றைக் கையால் கட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. ஆயிரம் மடங்கு பெருக்கும் ஒரு சின்ன ப்ரீஆம்பை இங்கே படிப்படியாகக் கட்டுவோம்.

முதல் வேலை: சோர்ஸின் தடையைக் கேளுங்கள்

சிக்னலைத் தரும் சென்சாரைத்தான் சோர்ஸ் என்கிறோம். சிக்னல் எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன், அது எவ்வளவு ஓம் வழியாக வருகிறது என்று கேளுங்கள். எந்தத் தடையும் சும்மா இருப்பதில்லை. அதற்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருக்கின்றன; அதனால் அதன் இரு முனைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு நடுங்கும் வோல்டேஜ் இருக்கும். பெல் ஆய்வகத்தில் இதை அளந்து காட்டியவர் ஜான்சன், கணக்குப் போட்டு விளக்கியவர் நைக்விஸ்ட். இருவரும் ஸ்வீடனில் பிறந்தவர்கள். இருவர் கட்டுரையும் 1928-இல் வெளிவந்தன.

ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 1 கிலோ ஓம் தடை, அறை வெப்பத்தில், ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட். மற்றதெல்லாம் இதிலிருந்து வரும். தடை நான்கு மடங்கானால் இரைச்சல் இரண்டு மடங்கு. 100 ஓம் என்றால் 1.3, 10 கிலோ ஓம் என்றால் 13, 100 கிலோ ஓம் என்றால் 41 நானோவோல்ட். அக்னி நட்சத்திரத்தில் ஆய்வகம் 37 டிகிரிக்குப் போனாலும் இந்த எண் 2 சதவீதம்கூட ஏறாது. திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தால்தான் பாதியாகும்.

“ரூட் ஹெர்ட்ஸுக்கு” என்ற சொல்லில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். எத்தனை ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறோமோ, அதாவது எவ்வளவு அதிர்வெண் அகலத்தை உள்ளே விடுகிறோமோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 4 நானோவோல்ட்டை 10,000 ஹெர்ட்ஸ் அகலத்தில் பார்த்தால் 400 நானோவோல்ட். 100 ஹெர்ட்ஸில் பார்த்தால் 40. ஜன்னலைத் தேவையான அளவுக்கு மேல் திறக்காதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று: தொடர்பில்லாத இரைச்சல்கள் நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடும். 3 நானோவோல்ட்டும் 4 நானோவோல்ட்டும் சேர்ந்தால் 7 இல்லை, 5. பெரிய இரைச்சல் ஒன்று இருக்கும்போது சின்னதைக் குறைக்கப் பாடுபடுவது வீண் வேலை என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடும்.

எந்த ஆப்-ஆம்ப்?

ஆப்-ஆம்ப் என்பது இரண்டு உள்ளீடுகளுக்கு நடுவிலான வித்தியாசத்தைப் பெருக்கும் சிப். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுப்பது எல்எம்358. அதன் வோல்டேஜ் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு சுமார் 40 நானோவோல்ட். டிஎல்071 வகை 18. என்ஈ5534 நான்குக்குப் பக்கம். ஓபி27 மூன்று. எல்டி1028 ஒன்றுக்கும் கீழே. இந்த வரிசையைப் பார்த்ததும் கடைசியில் இருப்பதை வாங்கிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொரு ஆப்-ஆம்புக்கும் கரண்ட் இரைச்சல் என்று இன்னொன்று உண்டு. உள்ளீட்டுக் காலில் ஓடும் சின்ன மின்னோட்டம் நடுங்கும். அந்த நடுக்கம் உங்கள் சோர்ஸ் தடையின் மேல் விழுந்து வோல்டேஜாக மாறும். ஓபி27-க்கு இது ரூட் ஹெர்ட்ஸுக்கு 0.4 பிக்கோஆம்ப். 1 கிலோ ஓம் சோர்ஸில் 0.4 நானோவோல்ட், கண்டுகொள்ள வேண்டியதில்லை. 100 கிலோ ஓம் சோர்ஸில் அதுவே 40 நானோவோல்ட். அந்த இடத்தில், வோல்டேஜ் இரைச்சல் 8 நானோவோல்ட் இருக்கும் ஓபிஏ134 இதைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அதன் உள்ளே இருப்பது ஜேஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்; ‘கேட்’ எனப்படும் அதன் உள்ளீட்டு முனையில் மின்னோட்டம் இல்லாத மாதிரிதான். கணக்குப் போட்டால் ஓபி27-ஓடு மொத்தம் 57 நானோவோல்ட், ஓபிஏ134-ஓடு 42.

சில நூறு ஓமிலிருந்து சில கிலோ ஓம் வரை இருக்கும் காயில், டைனமிக் மைக், ஜியோஃபோன் (நில அதிர்வை உணரும் சென்சார்) போன்றவற்றுக்கு ஓபி27, என்ஈ5534 மாதிரி சாதாரண டிரான்சிஸ்டர் உள்ளீடு. வீணையில் ஒட்டும் பீசோ பிக்கப், போட்டோ டயோடு, எலக்ட்ரோடு இவற்றுக்கு ஜேஃபெட் உள்ளீடு. இதை மாற்றிப் போட்டுவிட்டு எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பயன் இல்லை.

நாம் ஓபி27 எடுத்துக்கொள்வோம். மிகக் குறைந்த விலைக்கு வருவதை வாங்காதீர்கள். மேல் எழுத்தைச் சுரண்டி வேறு எழுத்து அடித்த சிப்கள் சந்தையில் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் கடைசியில் சொல்லப்போகும் சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

உள்ளே இருக்கும் ஜோடி

சர்க்யூட்டை வரைவதற்கு முன், சிப்பின் வாசலில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். விலை உயர்ந்த ஆய்வக ப்ரீஆம்பாக இருந்தாலும் ஓபி27-ஆக இருந்தாலும் வாசலில் இருப்பது ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். ஓபி27-இல் இரண்டின் எமிட்டர் முனைகளும் ஓர் இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து மாறாத மின்னோட்டம் ஒன்று இறங்குகிறது.

கல்லணையில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வரும் தண்ணீர் இவ்வளவுதான். வெண்ணாற்று மதகைக் கொஞ்சம் தூக்கினால் காவிரிக்குப் போவது அதே அளவு குறையும். ஜோடியிலும் அப்படித்தான்: ஒரு பக்க பேஸின் (டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனையின்) வோல்டேஜ் சற்று ஏறினால் மின்னோட்டம் அந்தப் பக்கம் சாயும், மற்ற பக்கம் அதே அளவு குறையும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறினால் பங்கீடு மாறாது. ஊர் முழுக்கப் பரவியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் வந்தால், இந்த ஜோடி அதைப் பார்ப்பதே இல்லை. வித்தியாசத்தை மட்டும்தான் பெருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு டிரான்சிஸ்டருக்குப் பதில் இரண்டு இருப்பதால் இரைச்சல் 1.4 மடங்கு ஆகிறது. ஆனால் 50 ஹெர்ட்ஸிலிருந்து தப்பிக்க அந்த விலை கொடுத்தாக வேண்டும்.

இந்த ஜோடியின் வழியாக அதிக மின்னோட்டம் விட்டால் வோல்டேஜ் இரைச்சல் குறையும். ஆனால் பேஸ் மின்னோட்டமும் கூடும், அதோடு கரண்ட் இரைச்சலும் கூடும். ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்பும். சிப் வடிவமைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று முடிவு செய்கிறார்கள். நாம் சோர்ஸைப் பார்த்து அவர்களில் ஒருவருடைய முடிவைத் தேர்ந்தெடுக்கிறோம்.

சர்க்யூட்

இப்போது சாலிடர் இரும்பைச் சூடாக்கலாம்.

முதல் படி. சிக்னல் ஓபி27-இன் 3-ஆம் காலுக்கு, அதாவது பிளஸ் உள்ளீட்டுக்கு. வெளியீடான 6-ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் தடை 2-ஆம் காலுக்கு. 2-ஆம் காலிலிருந்து 100 ஓம் தடை கிரவுண்டுக்கு. வெளியீட்டின் 101-இல் ஒரு பங்கு மைனஸ் உள்ளீட்டுக்குத் திரும்பி வருகிறது. அது சிக்னலுக்குச் சமமாகும் வரை ஆப்-ஆம்ப் வெளியீட்டை நகர்த்தும். அதனால் பெருக்கம் 101.

அந்த 100 ஓமைக் கவனியுங்கள். 1 மெகா ஓமும் 10 கிலோ ஓமும் போட்டாலும் அதே 101 கிடைக்கும். புதியவர்கள் பலர் கையில் கிடைத்தது என்று அதையே போடுகிறார்கள். ஆனால் அந்தக் கீழ்த் தடையின் இரைச்சல் நேராக உள்ளீட்டோடு சேர்ந்துவிடும். 100 ஓம் என்றால் 1.3 நானோவோல்ட், 10 கிலோ ஓம் என்றால் 13. மூன்று நானோவோல்ட் ஆப்-ஆம்பைத் தேடி வாங்கிவிட்டுப் பக்கத்தில் 13 நானோவோல்ட்டைக் குடிவைத்த மாதிரி ஆகிவிடும். தடைகள் மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். பழைய கார்பன் தடைகள் மின்னோட்டம் ஓடும்போது வெப்ப இரைச்சலுக்கு மேலும் இரைச்சல் கொடுக்கும்.

3-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ஒன்று போட்டு வையுங்கள். போன வருஷம் ஒரு மாணவி வந்து, “சார், ஆன் பண்ணினதும் அவுட்புட் மேல போய் ஒட்டிக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது” என்றாள். சென்சாருக்கு நடுவில் கெப்பாசிட்டர் வைத்திருந்தாள். உள்ளீட்டுக் காலின் மின்னோட்டம் வெளியேற வழியில்லாமல் கெப்பாசிட்டரை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது. வடிகால் இல்லாத வயல் அது. அந்த 1 மெகா ஓம்தான் வடிகால். சோர்ஸ் 1 கிலோ ஓமாக இருக்கும்போது அதன் இரைச்சல் சோர்ஸ் வழியே வடிந்துவிடும், பயப்பட வேண்டாம்.

நடுவில் ஒரு கெப்பாசிட்டர். 6-ஆம் காலிலிருந்து 1 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 160 கிலோ ஓம். இது 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் நகர்வை வெட்டிவிடும். இங்கே செராமிக் போடாதீர்கள். மதிப்பு அதிகமான செராமிக் கெப்பாசிட்டரைத் தட்டினால் அது மைக் போல வோல்டேஜ் கொடுக்கும்.

இரண்டாம் படி. முதல் படி போலவே இணைப்பு: டிஎல்071, மேலே 9.1 கிலோ ஓம், கீழே 1 கிலோ ஓம். பெருக்கம் பத்து. இங்கே ஏன் 18 நானோவோல்ட் இரைச்சல் இருக்கும் சிப்? இந்தச் சர்க்யூட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. இரண்டாம் படியின் இரைச்சலை உள்ளீட்டிலிருந்து பார்த்தால் 101-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும்: 0.18 நானோவோல்ட். முதல் படியில் ஏற்கெனவே இருக்கும் 3.3-ஓடு வர்க்கமாகக் கூட்டினால் மாற்றமே தெரியாது. தலைமடையில் தண்ணீர் தெளிவாக வந்துவிட்டால் வழியில் கலப்பது கொஞ்சம். தலைமடையிலேயே கலங்கிவிட்டால் கடைமடையில் எந்தச் சல்லடை போட்டாலும் தெளியாது. காசையும் கவனத்தையும் முதல் படிக்கே கொடுங்கள்.

கடைசியில் ஜன்னல். டிஎல்071 வெளியீட்டிலிருந்து 1.6 கிலோ ஓம், அதன் பிறகு கிரவுண்டுக்கு 10 நானோஃபேரட். இது 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெல்ல வெட்டும். சிக்னல் 100 ஹெர்ட்ஸுக்குள் என்றால் கெப்பாசிட்டரை 1 மைக்ரோஃபேரட் ஆக்குங்கள். இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும்.

பேட்டரி

முதல் ப்ரீஆம்புக்கு மெயின்ஸ் சப்ளை வேண்டாம். இரண்டு 9 வோல்ட் பேட்டரி போதும். ஒன்றின் மைனஸும் மற்றதன் பிளஸும் சேரும் இடம் கிரவுண்டு. ஓபி27-இன் 7-ஆம் கால் பிளஸ், 4-ஆம் கால் மைனஸ். ஒவ்வொரு சப்ளைக் காலின் பக்கத்திலும் 0.1 மைக்ரோஃபேரட் செராமிக். இங்கே செராமிக் சரிதான், சிக்னல் இதன் வழியாகப் போகவில்லை. வயல்வெளிக்கு எடுத்துப் போவதென்றால் யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு போடுங்கள், நாள்கணக்கில் தாங்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ் கட்டாயம் போடுங்கள், அவை ஷார்ட் ஆனால் கம்பி பழுத்துவிடும்.

உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கும் எஸ்ஆர்560 என்ற ப்ரீஆம்ப், உள்ளே லெட்-ஆசிட் பேட்டரியோடுதான் வருகிறது. அளக்கும்போது மெயின்ஸிலிருந்து பிரித்துவிடலாம். அதன் முன்பக்க பட்டன்களைப் பார்த்துக்கொள்ளும் மைக்ரோபிராசஸர்கூட, யாரும் பட்டனைத் தொடாத நேரத்தில் கடிகாரத்தை நிறுத்தித் தூங்கிவிடும். நொடிக்குப் பல லட்சம் தரம் துடிக்கும் ஒரு கடிகாரத்தை 4 நானோவோல்ட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளீட்டுத் தடை 100 மெகா ஓம், பெருக்கம் 50,000 வரை, வாசலில் ஜேஃபெட் ஜோடி. நாம் கட்டுவதும் அடிப்படையில் அதே வழிதான்.

பெட்டி, கழுவல், காற்று

கும்பகோணத்தில் அழகான பித்தளை டப்பா கிடைக்கும். மின்புலத்தை அது நன்றாகத் தடுக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் இவற்றின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் பித்தளையையும் அலுமினியத்தையும் ஊடுருவி உள்ளே வந்துவிடும். காந்தம் ஒட்டும் தகர டப்பா அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். நான் பிஸ்கட் தகர டப்பாவைத்தான் மாணவர்களிடம் சிபாரிசு செய்கிறேன். மூடியின் விளிம்பில் பெயின்டைச் சுரண்டி, மூடியும் டப்பாவும் உண்மையாகவே தொடும்படி பாருங்கள். டப்பா ஒரே ஓர் இடத்தில், உள்ளீட்டு சாக்கெட்டின் பக்கத்தில், கிரவுண்டோடு சேரட்டும்.

எல்லாக் கிரவுண்டு கம்பிகளையும் ஒரே புள்ளியில் சேருங்கள். வெளியீட்டு மின்னோட்டம் திரும்பும் பாதையில் உள்ளீட்டின் 100 ஓமை உட்கார வைக்காதீர்கள்.

சாலிடர் முடிந்ததும் போர்டைக் கழுவ வேண்டும். இந்த வேலையை எல்லோரும் தட்டிக்கழிக்கிறார்கள். நம் பகுதியில் அது முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அதில் உப்பும் சேர்ந்திருக்கும். சாலிடரோடு வந்து போர்டில் ஒட்டிய ஃப்ளக்ஸ் பசை அந்த ஈரத்தைக் குடித்து, கால்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத தடையாக நிற்கும். கோடையில் நன்றாக ஓடிய சர்க்யூட் அடைமழையில் நகரத் தொடங்கினால் முதல் சந்தேகம் இதன்மேல். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். தேய்த்து, காயவைத்து, பிறகு மூடுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். செம்பும் சாலிடரும் சேரும் ஒவ்வோர் இடமும் ஒரு சின்ன தெர்மோகப்பிள். காற்று பட்டு ஒரு பக்கம் குளிர்ந்தால் மைக்ரோவோல்ட் அளவில் மெதுவாக அசையும்.

சோதனை

உள்ளீட்டை சாக்கெட்டிலேயே ஷார்ட் செய்யுங்கள். டப்பாவை மூடுங்கள். வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். ஓபி27-இன் 3 நானோவோல்ட்டும் 100 ஓமின் 1.3-ம் வர்க்கமாகச் சேர்ந்து 3.3. நம் ஜன்னலின் இரைச்சல் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் இல்லை, 1.57 மடங்கு: மெல்ல வெட்டுவதால் வெளியிலும் கொஞ்சம் கசிகிறது. அதன் வர்க்கமூலம் 125. பெருக்கம் 1020. மொத்தம் சுமார் 0.42 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்). ஸ்கோப்பில் மேலிருந்து கீழ் வரை இரண்டரை மில்லிவோல்ட் உயரப் பட்டை.

இப்போது ஷார்ட்டை எடுத்துவிட்டு அங்கே 10 கிலோ ஓம் போடுங்கள். பட்டை கண்ணெதிரே நான்கு மடங்குக்கு மேல் தடிக்கும், சுமார் 1.8 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ். மேஜைமேல் சும்மா கிடக்கும் ஒரு தடைக்குள் எலக்ட்ரான்கள் அலைவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனசு நிறைந்துவிடும்.

இரண்டு எண்ணும் கணக்கோடு ஒத்துவந்தால் உங்கள் ப்ரீஆம்ப் சரி, சிப்பும் அசல். ஷார்ட் செய்தபோதே இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்றால் சிப் போலி, அல்லது தடையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். மலிவான மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சில் இதை அளக்காதீர்கள். பல மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டாது.

ஹம் வந்தால்

ஹம் என்பது மெயின்ஸிலிருந்து வந்து ஒட்டும் முனகல். முதலில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 100 என்றால் எங்கோ ஒரு ரெக்டிஃபையர் சப்ளை. பெரும்பாலும் பக்கத்து மேஜைக் கருவி. 50 என்றால் காற்றில் வருவது அல்லது கிரவுண்டு வளையம். ஸ்கோப்பின் எர்த் ஒரு பக்கம், கம்ப்யூட்டரின் எர்த் இன்னொரு பக்கம் என்று இரண்டு வழியில் கிரவுண்டு போனால் அந்த வளையத்துக்குள் காந்தப்புலம் புகுந்து மின்னோட்டம் ஓட்டும். ஒன்றைப் பிரியுங்கள். கருவியின் எர்த் பின்னை வெட்டி மட்டும் இதைச் சரிசெய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு சவுண்டு கார்டில் பதிவு செய்வது எளிய வழி.

வளையமும் இல்லை, 50 ஹெர்ட்ஸும் போகவில்லை என்றால் சென்சாரின் இரண்டு கம்பியையும் முறுக்குங்கள். ஒரு கம்பியை மட்டும் ஷீல்டு செய்து மற்றதை விட்டுவிடுவது பொதுவான தவறு.

ஒருமுறை இரண்டு நாள் முழுக்க ஒரு “டக்” சத்தத்தைத் தேடினேன். சில நிமிடத்துக்கு ஒரு கூர்மையான முள். எங்கள் சுவருக்கு அப்பால் வயல், அங்கே போர்வெல் மோட்டார். ஆற்றில் தண்ணீர் வராத வாரம். மும்முனை மின்சாரம் வந்ததும் ஸ்டார்ட்டர் மாற்றி மாற்றி விழுந்திருக்கிறது. அதற்கு எந்த ஃபில்டரும் இல்லை. அவர்கள் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் அளந்தேன். இப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

முதல் சிக்னல்

எல்லாம் சரியானதும் ஒரு ஜியோஃபோனை மாட்டுங்கள். காயில் சுமார் 400 ஓம். அதன் இரைச்சல் 2.6 நானோவோல்ட், ப்ரீஆம்போடு சேர்ந்து நான்கு சொச்சம். இதற்கு ஓபி27 நல்ல பொருத்தம், ஏனென்றால் அதன் தாழ்வான அதிர்வெண் இரைச்சல் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தலைதூக்கும். கடைசி ஜன்னலின் 10 நானோஃபேரட் கெப்பாசிட்டரை 1 மைக்ரோஃபேரட் ஆக்கிவிடுங்கள். ஜியோஃபோனின் முள்ளை வரப்பில் அழுத்தமாக ஊன்றுங்கள். சேற்றில் இல்லை, கெட்டியான வரப்பில். நீங்கள் பத்தடி தள்ளி உட்காருங்கள், நடந்தால் வெளியீடு முட்டிக்கொள்ளும்.

தஞ்சாவூர்–மயிலாடுதுறை மெயின் லைன் பக்கத்தில் இருந்தால், ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பட்டை தடிக்கத் தொடங்கும். நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள், பெருக்கம் எவ்வளவு, கெப்பாசிட்டர் எது, பேட்டரி எத்தனை வோல்ட் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கிளம்பும் முன் உள்ளீட்டை ஷார்ட் செய்து இன்னொரு நிமிடம் பதிவு செய்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குப் போய்க் கணக்குப் போடும்போது அந்த ஒரு நிமிடம்தான் முதலில் தேவைப்படும்.